‘அன்லிமிட்டெட்’ ஹோஸ்டிங் என்று ஒன்று இல்லை: ஊர்ப் பணத்தை அதில் கட்டாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர்ப் பணமும் பிள்ளைகளின் படிப்பும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் பொறுமையாக முழுவதையும் வாசியுங்கள். வாசித்துவிட்டு என்னோடு சண்டை பிடிக்கலாம்.

எமது பிள்ளைகளுக்காக நடத்தப்படும் கேள்வி–பதில் களங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் என்று இப்போது நான்கு இருக்கின்றன. பிள்ளை கேள்வியைப் போடும். ஆசிரியர்களோ, பல்கலைக்கழகத்தில் படிக்கும் நானாமாரோ தாத்தாமாரோ பதில் எழுதுவார்கள். அந்தப் பதில் அடுத்த வருடம் பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் அங்கேயே இருக்கும். இதைத் தொடங்கிய பழைய மாணவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். அந்த உழைப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்போது தமிழ், தகவல் தொழினுட்பம் என்று இன்னும் இரண்டு களங்களைச் சேர்க்கப் போகிறார்கள். அதுவும் நல்லது. ஆனால் ஆறையும் அதே ‘அன்லிமிட்டெட்’ பொதியில் போட்டு, மூன்று வருடக் காசையும் ஒரே தடவையில் முன்கூட்டியே கட்டிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. அதைத்தான் எதிர்க்கிறேன்.

கடந்த சாதாரண தரப் பரீட்சையின்போது கணித வினாத்தாளுக்கு முந்திய இரவு என்ன நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு களம் திறக்கவில்லை. ‘508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்’ என்று ஒரு வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது. கணிதக் களம் மட்டுமல்ல, நான்கும் விழுந்தன. அடுத்த நாள் ஹோஸ்டிங் கொடுத்த இடத்தில் கேட்டபோது கிடைத்த பதில்: “உங்கட தளத்துக்கு ஆக்கள் கூடிட்டாங்க, பெரிய பெக்கேஜுக்கு மாறுங்க.”

கவனியுங்கள். எல்லை இல்லை என்று விற்றவர், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்கிறார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் அதே பொதிக்கு இன்னும் மூன்று வருடம் கட்டலாம் என்பவர்களிடம்தான் என் கேள்வி.

எது எல்லையில்லாதது?

இந்த மாதிரிப் பொதிகளில் ‘அன்லிமிட்டெட்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டு விடயங்களுக்கு: சேமிக்கும் இடம், மாதாந்த டேட்டா. எழுதாமல் விடுவது, அல்லது விதிமுறைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது நான்கு: சி.பி.யு., ரெம் என்கிற நினைவகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்களின் எண்ணிக்கை, மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை.

பகிர்வு ஹோஸ்டிங் என்றால் ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள். ஒருவர் மற்றவரின் பங்கைத் தின்றுவிடாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தே ஆக வேண்டும். இதற்குப் பல நிறுவனங்கள் பாவிப்பது கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம். அது ஒரு கணக்குக்கு ஆரம்பத்தில் கொடுக்கும் அளவு ஒரு சி.பி.யு. கோர், 1 ஜி.பி. ரெம், ஒரே நேரத்தில் உள்ளே வரக்கூடிய 20 கோரிக்கைகள். நிறுவனம் விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம். அந்த எல்லையைத் தொட்டால் வருவதுதான் நாம் பார்த்த 508.

எமது கலியாண வீட்டுச் சஹனை நினைத்துப் பாருங்கள். ஒரு சஹனில் ஆறு பேர் இருந்து வயிறாரச் சாப்பிடலாம். மண்டபம் எவ்வளவு பெரியது என்று காட்டி, அதே சஹனில் அறுபது பேரை இருத்த முடியாது. ‘அன்லிமிட்டெட் இடம்’ என்பது மண்டபத்தின் அளவு. எமக்குத் தேவையானது சோறு.

இடம் எமக்கு எவ்வளவு வேண்டும் என்றும் பார்ப்போம். யுனிகோட் தமிழில் ஒரு எழுத்துக் குறி 3 பைட். ‘கொ’ என்பது இரண்டு குறி, ஆகவே 6 பைட். ஆயிரம் குறிகள் கொண்ட ஒரு நல்ல பதில் ஏறத்தாழ 3 கே.பி. இப்படி ஒரு லட்சம் பதில்கள் எழுதினாலும் 300 எம்.பி.தான். ஒரு பழைய மெமரி காட்டில் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது பிள்ளைகள் போனில் பிடித்துப் போடும் கணக்குக் கொப்பியின் படங்கள். 3 எம்.பி. படம் ஒன்று ஆயிரம் பதில்களுக்குச் சமம். அந்தப் படத்தை ஏற்றும்போதே 200 கே.பி.க்குச் சுருக்கும்படி களத்தில் அமைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. எமக்குத் தேவையே இல்லாத பொருளை எல்லையில்லாமல் தருகிறேன் என்று சொல்லித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அறிவித்தல் பலகையும் களமும் ஒன்றல்ல

“மற்றப் பாடசாலை வெப்சைட் எல்லாம் இதே பெக்கேஜில்தானே ஓடுது?” என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி.

பாடசாலை வெப்சைட் பெரும்பாலும் அறிவித்தல் பலகை. அதிபரின் செய்தி, விளையாட்டுப் போட்டிப் படங்கள், பெறுபேறு. எல்லோருக்கும் ஒரே பக்கம். ஒரு தடவை தயாரித்து வைத்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் அந்தப் பிரதியையே நீட்டலாம். சேர்வருக்குப் பெரிய வேலை இல்லை.

களம் அப்படியல்ல. உள்நுழைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கம் வேறு. அவர் வாசிக்காத கேள்விகள் எவை, அவருக்கு வந்த பதில் எது, அவர் எதைத் திருத்தலாம் என்பதெல்லாம் தரவுத்தளத்தில் தேடி, அந்த நொடியில் தயாரிக்க வேண்டும். யாரோ ‘முக்கோணி’ என்று தேடினால் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் துழாவ வேண்டும். பலகையைப் பார்ப்பதற்கும் தட்டச்சுக்காரரிடம் வரிசையில் நின்று ஆளுக்கொரு கடிதம் எழுதி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஒன்பதாம் ஆண்டுக் கணக்கு

பெரிய கணினி அறிவு வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் போதும்.

பரீட்சைக்கு முந்திய இரவு 300 பிள்ளைகள் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் 20 செக்கனுக்கு ஒரு பக்கம் திறந்தால், செக்கனுக்கு 15 பக்கங்கள். ஒரு பக்கத்தைத் தயாரிக்க சி.பி.யு. 0.2 செக்கன் உழைக்கிறது என்றால், ஒவ்வொரு செக்கனிலும் 3 செக்கன் வேலை வந்து சேருகிறது. அதாவது மூன்று கோர் வேண்டும்.

எமக்கு இருப்பது ஒன்று. அது செக்கனுக்கு 5 பக்கம் கொடுக்கும். மிச்சம் 10 வரிசையில் நிற்கும். வரிசையில் இருக்க அனுமதி 20 பேருக்கு. இரண்டு செக்கனில் வரிசை நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருபவருக்குக் கதவு அடைப்பு.

இதோடு நிற்காது. பக்கம் வராவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? ரீலோட் அடிக்கும். ஒன்றுக்கு மூன்று தடவை அடிக்கும். உம்மாவின் போனிலும் திறந்து பார்க்கும். 15 கோரிக்கை 40 ஆகும். தாங்காத சேர்வரின் தலையில் இன்னும் சுமை ஏறும். அன்று இரவு நடந்தது இதுதான்.

இனி முக்கியமான விடயம். நான்கு களமும் ஒரே கணக்கில். ‘அன்லிமிட்டெட் வெப்சைட்’ என்பதும் அந்த விளம்பரத்தில் இருந்த வார்த்தைதான். எத்தனை களம் வைத்தாலும் ஒரு கோரும் 1 ஜி.பி. ரெமும் அவற்றுக்குள்தான் பங்கு. கணிதக் களத்தில் கூட்டம் வந்தால் வரலாற்றுக் களமும் சேர்ந்து விழும். இப்போது ஆறாக்கப் போகிறோம். சஹன் அதே சஹன்.

பிள்ளைகள் மட்டும் வருவதுமில்லை. திறந்திருக்கும் களத்துக்குத் தேடுபொறிகளின் ரோபோக்கள் வரும், குப்பை விளம்பரம் போடும் ரோபோக்கள் வரும், இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ரோபோக்களும் வரும். அவை இரவு பகல் பார்ப்பதில்லை. எமது பங்கில் ஒரு பகுதியை அவையும் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போடும்போது அதற்கும் இடம் விட வேண்டும்.

சொல்லப்படும் நியாயங்கள்

முதலாவது: “வட்ஸ்அப் குழுமம் போதுமே, எதற்கு இந்தச் செலவு?” வட்ஸ்அப்பில் ஒரு குழுமத்துக்கு 1024 பேர் என்ற எல்லை இருக்கிறது. அதை விடுங்கள். மார்ச் மாதம் ஒரு சேர் இருபது நிமிடம் செலவழித்து எழுதிய விளக்கம் நவம்பரில் எங்கே? குட் மோர்னிங் படங்களுக்கும் ஜனாஸா அறிவித்தல்களுக்கும் அடியில். புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பழைய செய்திகள் தானாகத் தெரிவதுமில்லை. ஒரே கேள்விக்கு வருடா வருடம் பதில் எழுதி ஆசிரியர்கள் களைத்துவிட்டார்கள். களம் என்பது சேமிப்பு. அதற்காகத்தான் செலவு.

இரண்டாவது: “எங்கட மச்சான் ஒருவர் சும்மா ஹோஸ்டிங் தருகிறேன் என்கிறார்.” அவருடைய மனதுக்கு நன்றி. ஆனால் அவரும் எங்கோ ஒரு பொதியை வாங்கி அதைத்தான் பிரித்துக் கொடுக்கிறார். நாளைக்கு அவர் கட்டாருக்குப் போய்விட்டால், காட் காலாவதியானால், யாரிடம் கேட்பது? இலவசமாக வாங்கியவரால் கோபமாகக் கேள்வி கேட்க முடியாது. ஊருக்குச் சொந்தமான பொருளுக்கு ஊரே காசு கட்ட வேண்டும், ரசீதும் வாங்க வேண்டும்.

மூன்றாவது நியாயம் கனமானது: “டொலர் ஏறினால் என்ன செய்வது? மூன்று வருடம் கட்டினால் விலை மாறாது.” 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். தாங்காது என்று தெரிந்த பொருளை இன்றைய விலைக்கு மூன்று வருடம் பூட்டி வைப்பது சேமிப்பாகுமா? அடுத்த பரீட்சையில் மீண்டும் விழுந்தால் வேறு இடத்துக்கு மாற வேண்டும். கட்டிய காசு போனது போனதுதான். டொலருக்குப் பயந்தால் ஒரு வருடக் காசைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். இன்னொன்று: விளம்பரத்தில் போடும் விலை முதல் தவணைக்கு மட்டும். புதுப்பிக்கும் விலை என்ன என்று எவரும் கேட்கவில்லை. பல இடங்களில் அது இரண்டு மூன்று மடங்கு.

நான்காவது: “அப்படியென்றால் ஒரு முழு சேர்வரையே எடுப்போம்.” இதுவும் வேண்டாம். வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கு ஊர்ப் பணம் போவது அதே வீண்செலவின் மறுபக்கம்.

எதை எடுக்க வேண்டும்?

ஒரு வி.பி.எஸ். எடுங்கள். ஒரு பெரிய இயந்திரத்தைப் பிரித்து, இவ்வளவு கோர், இவ்வளவு ரெம் என்று எண்ணிக் கொடுக்கும் முறை. எங்கள் கணக்குக்கு வழமையான மாதங்களில் 2 கோர், 4 ஜி.பி. ரெம் போதும். ஒரு செயல் 50 எம்.பி. எடுத்தால் ஒரே நேரத்தில் 40 செயலுக்கு 2 ஜி.பி., தரவுத்தளத்துக்கு 1 ஜி.பி., மிச்சம் இயங்குதளத்துக்கு. பரீட்சை நெருங்கும் மாதத்தில் 4 கோர், 8 ஜி.பி.க்கு ஏற்றி, முடிந்ததும் பழையபடி இறக்கலாம். இப்படி மாதக் கணக்கில் ஏற்றி இறக்க விடும் நிறுவனத்தையே தேடுங்கள்.

மென்பொருளையும் சேர்த்துப் பாருங்கள். பிஎச்பிபிபி, மைபிபி போன்றவை இலேசானவை. டிஸ்கோர்ஸ் அழகானது, ஆனால் அதற்குக் குறைந்தது 1 ஜி.பி. ரெம் வேண்டும், சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங்கில் ஏற்றவும் முடியாது. அதைவிட ஒரு கேள்வி: ஆறு பாடத்துக்கு ஆறு தனித்தனிக் களம் எதற்கு? ஒரே களத்துக்குள் ஆறு பிரிவு வைத்தால் ஒரு மென்பொருள், ஒரு தரவுத்தளம், ஒரு தடவை அப்டேட். பிள்ளைக்கும் ஒரே கடவுச்சொல். பெயர்ப் பலகை ஆறு வேண்டும் என்ற ஆசைக்காக வேலையை ஆறு மடங்காக்க வேண்டாம்.

சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர், நியூயோர்க் சுமார் 14,000. நேர்கோட்டில் போனாலும் போய்வரும் நேரம் ஐந்து மடங்கு. ஒரு பக்கத்துக்குப் பல தடவை போய்வர வேண்டும். சிக்னல் குறைந்த இடத்தில் பழைய போனில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

வி.பி.எஸ்.ஸில் ஒரு சிரமம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பராமரிக்க ஆள் வேண்டும். அப்டேட் போடாமல் விட்டால் ஹெக் பண்ணுவார்கள். எமது ஊரில் இந்தத் துறையில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரைப் பொறுப்பாகப் போட்டு, மாதம் ஒரு சிறு கொடுப்பனவும் கொடுங்கள். எல்லாவற்றையும் ‘பீ ஸபீலில்லாஹ்’ என்று அவர்கள் தலையில் கட்டிவிட்டு, விழுந்தால் மட்டும் ஏசுவது நியாயமில்லை. ஆள் கிடைக்காவிட்டால், பராமரிப்பையும் சேர்த்துத் தரும் வி.பி.எஸ். கொஞ்சம் கூடிய விலைக்குக் கிடைக்கும்.

விழுந்தால் எழும்பலாம், அழிந்தால்?

பின்பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் கொம்பனி எடுக்கும்” என்றார்கள். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. லட்சக்கணக்கான தளங்கள் நின்றன. பின்பிரதியும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

அடுத்தது எமது நாட்டில். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியான பின்பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் எமது களத்தை யார் காப்பாற்றுவது?

மூன்று வருடமாக ஆசிரியர்கள் எழுதிய பதில்கள் அதற்குள் இருக்கின்றன. தரவுத்தளம் சில நூறு எம்.பி.தான் என்று மேலே கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி வேறொரு நிறுவனத்தின் இடத்துக்குத் தானாகப் போக வேண்டும். மாதம் ஒரு பிரதி பாடசாலைக் கணினி அறையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். வருடம் இரண்டு தடவையாவது அந்தப் பிரதியிலிருந்து களத்தைத் திரும்ப எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பிப் பார்க்காத பின்பிரதியை நம்ப முடியாது.

டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகி இருக்கிறது என்பதையும் பாருங்கள். தனி ஒருவரின் பெயரிலும் அவருடைய சொந்த மின்னஞ்சலிலும் இருந்தால் அது சங்கத்தின் சொத்தல்ல. சங்கத்தின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லை இரண்டு நிருவாகிகளிடம் வையுங்கள்.

கூட்டத்தில் கேளுங்கள்

காசு கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்:

1. எங்கள் கணக்குக்கு எத்தனை கோர், எவ்வளவு ரெம்?
2. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை அனுமதி? மொத்தம் எத்தனை கோப்பு வைக்கலாம்?
3. எல்லையைத் தொட்டால் தளம் மெதுவாகுமா, மூடப்படுமா? எங்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வருமா?
4. சேர்வர் எந்த நாட்டில்? பின்பிரதி அதே கட்டடத்திலா?
5. புதுப்பிக்கும் விலை என்ன? ஒரு மாதத்துக்கு மட்டும் கூட்டிக் குறைக்கலாமா? இடையில் விலகினால் காசு திரும்பக் கிடைக்குமா?

இவற்றுக்கு இலக்கத்தில் பதில் சொல்லாமல் ‘அன்லிமிட்டெட்’ என்று மட்டும் சொல்பவரிடம் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள். அது பழைய நிறுவனமானாலும் சரி, எங்கட ஆளானாலும் சரி.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் வெயிலில் நிற்கும் எமது சகோதரர்கள் அனுப்பியது. வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் தாய்மார் பிள்ளையின் படிப்புக்கென்று கொடுத்தது. அது அமானத். அதைச் செலவழிப்பவர்களிடம் கணக்குக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது.

ரியூஷனுக்குக் காசு இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் களம் விழுந்தால் நட்டமில்லை, சேருக்குக் கோல் எடுத்துக் கேட்கும். அந்த இரவில் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது, கேட்பதற்கு வேறு ஆள் இல்லாத பிள்ளை. முடிவெடுப்பவர்கள் அந்தப் பிள்ளையை வைத்து முடிவெடுங்கள். கூட்டத்துக்கு நானும் வருவேன், இன்ஷா அல்லாஹ். கணக்குப் பிழை என்று காட்டுபவர் இருந்தால் கரும்பலகையிலேயே போட்டுப் பார்ப்போம்.